காபிக்கு மாறிய வீடு

எங்கள் வீடு டீ குடிக்கிற வீடு. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வருவதற்குள் ஒரு டீ. சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். விருந்தாளி வந்தாலும் டீ, துக்க வீட்டுக்குப் போய்வந்து குளித்தாலும் டீ.

2003ஆம் வருசம் ஒரு திங்கட்கிழமை அம்மா மதுரையிலிருந்து காபித்தூள் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். அதன்பிறகு ஆறு வருசம் எங்கள் வீட்டில் டீ கிடையாது.

காரணம், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மருந்துச் சீசா. ரிஸ்பெரிடோன் என்ற மனச்சிதைவு மருந்தின் திரவ வடிவம். அண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவை மட்டும் அழைத்து மருத்துவர் சொன்னாராம்: "மாத்திரையைத் துப்புறான்னா இதைக் கலந்து குடுத்துருங்கம்மா. தண்ணி, காபி, ஆரஞ்சு ஜூஸ் எதுல வேணும்னாலும் கலக்கலாம். டீயில மட்டும் கலந்துராதீங்க. கோலாவும் ஆகாது." ஒருவனுக்கு மட்டும் காபி போட்டால் சந்தேகம் வரும். அதனால் நாலு பேருக்கும் காபி. அப்பா முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி வாய் திறக்கவில்லை.

அண்ணனுக்கு நோய் வந்தது 1997இல். பாலிடெக்னிக் கடைசி வருசம். எனக்குப் பதினைந்து வயது. முதலில் குளிப்பதை விட்டான். பிறகு, திருநெல்வேலி வானொலியில் செய்தி வாசிக்கிறவர் பெயரைச் சொல்லாமல் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றான். ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். அப்படியும் அவனுக்குக் கேட்டது. காத்துக் கருப்பு என்றார்கள், பரீட்சைப் பயம் என்றார்கள், ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். நல்லவேளை, அந்தக் கடைசி யோசனைக்கு அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. "என் வீட்டுச் சுமையை இன்னொருத்தி மக தலையில ஏத்தச் சொல்றீகளா?" என்று அத்தையிடம் சண்டை போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் இத்தனை வருசம் கழித்து எழுத ஒரு காரணம் உண்டு. மனநலம் பற்றி நம் ஊரில் யார் பேசினாலும் ஒரு வாசகம் தவறாமல் வருகிறது: "மேல்நாட்டில் ஆஸ்பத்திரியில் தள்ளிவிடுவார்கள், நம்ம நாட்டில் குடும்பம் பார்த்துக்கொள்கிறது." மேடையில் கேட்டிருக்கிறேன், பத்திரிகையில் படித்திருக்கிறேன், மருத்துவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் ஒன்று கேட்கத் தோன்றும். குடும்பம் என்றால் அதில் யார்? எங்கள் வீட்டில் குடும்பம் என்பது 19 வருசம் அம்மா. 2016இல் அவள் போன பிறகு நான். அப்பா நல்ல மனிதர்தான். பணம் கொடுத்தார், வண்டி பிடித்தார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எழுந்தவள் அம்மா. பக்கத்து வீட்டுச் சுவரில் அண்ணன் எழுதியதை விடிவதற்குள் தேய்த்துக் கழுவியவளும் அவள்தான்.

வேறு ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று சில வருசங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படிப்புக்காக இல்லை, ஒரு துணைக்காக. கிடைத்த துணை பல நேரம் மனசைக் கலக்கியது.

ஜப்பானில் 1900இல் ஒரு சட்டம் போட்டார்கள். மனநோயாளிக்கு வீட்டார் பொறுப்பு; போலீஸில் அனுமதி வாங்கி வீட்டிலேயே கூண்டறை கட்டி அடைத்துவைக்கலாம். குரே ஷூஸோ என்ற மனநல மருத்துவர் தம் உதவியாளர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி, முந்நூறுக்கும் மேற்பட்ட கூண்டறைகளைப் பார்த்துப் படம் எடுத்து, அளந்து, 1918இல் அறிக்கையாக வெளியிட்டார். இந்த நோய் வந்தது ஒரு துன்பம், இந்த நாட்டில் பிறந்தது அதற்கு மேல் இன்னொரு துன்பம் என்று அதில் எழுதினார். 1950இல்தான் அந்தக் கூண்டுகளைச் சட்டம் தடைசெய்தது. ஆனாலும் நோயாளியின் உறவினர் ஒருவரைச் சட்டப்படி 'காப்பாளர்' ஆக்கி முழுப் பொறுப்பையும் அவர் தலையில் வைக்கிற ஏற்பாடு, 2013இல் சட்டத்தைத் திருத்தும்வரை தொடர்ந்தது. வயதான அம்மாக்களும் தங்கைகளும் எத்தனை பேர் அந்தக் காப்பாளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் பொறுப்போடு பழியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான் என்ற உளப்பகுப்பாய்வு மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லை உருவாக்கினார். கண்டிப்பும் கதகதப்பின்மையும் கொண்ட அம்மாவால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வருகிறது என்பது பொருள். ஆதாரம் எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல் இருபது முப்பது வருசம் மருத்துவமனைகளில் உயிரோடு இருந்தது. மகனைப் பார்க்க வந்த தாய்மாரை நோய்க்கிருமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். 1979இல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங் என்ற இரண்டு அம்மாக்கள் முன்கை எடுத்துக் கூட்டிய கூட்டத்தில்தான் 'நாமி' என்ற குடும்பங்களின் சங்கம் பிறந்தது. இருவர் மகன்களுக்கும் மனச்சிதைவு. என் அம்மா அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதில்லை. "நான் வயித்துல சுமந்தப்போ எதையோ தப்பாச் சாப்பிட்டுட்டேன் போல" என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பழி சொல்ல அவளுக்கு எந்த மருத்துவரும் தேவைப்படவில்லை.

லண்டனில் நடந்தது வேறு. 1950களின் இறுதியில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்கள் என்ன ஆகிறார்கள் என்று பின்தொடர்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போனவர்கள் மேலாக இருந்தார்கள். ஏன் என்று நோண்டியதில், வீட்டாரின் குற்றம் சொல்லும் பேச்சு, வெறுப்பு, அளவுக்கு மீறிய கவலை ஆகியவற்றை அளக்கும் ஒரு முறை உருவானது. வீட்டாரோடு நேர்காணல் நடத்தி, குறை சொல்லும் வாக்கியங்களை எண்ணுவார்கள். 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃப்பும் செய்த ஆய்வில் ஆறு வாக்கியமோ அதற்கு மேலோ வந்தால் அது 'அதிகம்'. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணிநேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தால் ஆபத்து கூடுகிறது என்றார்கள்.

ஆறு வாக்கியம்! அம்மா காலை ஏழு மணிக்குள் அதைத் தாண்டிவிடுவாள். "இன்னும் எந்திரிக்கலையா, பல்லு வெளக்குனியா, அந்தச் சட்டையையே எத்தனை நாள் போடுவ, பீடியைக் கீழ போடு." இதைப் படித்த அன்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வாரத்துக்கு 168 மணிநேரம் ஒரே வீட்டுக்குள் இருப்பவளிடம் 35 மணிநேரக் கணக்கு பேசுகிறீர்களே என்று. பிறகு நிதானமாகப் படித்தபோது புரிந்தது. அந்த அளவுகோல் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வந்தது இல்லை. தனியாக, ஓய்வில்லாமல் பார்த்துக்கொள்கிற யார் வாயிலிருந்தும் அந்த வாக்கியங்கள் வரும். அவளுக்கு நோயைப் பற்றி விளக்கிச் சொல்லி, நாளில் நாலு மணிநேரம் வேறு காற்று வாங்க வழிசெய்தால் வாக்கியம் குறையும். குடும்பத்துக்கு விளக்கம் கொடுத்து உதவினால் நோய் திரும்புவது குறைகிறது என்பது அதன்பின் பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம். எங்கள் அம்மாவுக்கு 19 வருசத்தில் எவரும் ஒரு அரைமணிநேரம் உட்காரவைத்து இந்த நோய் இன்னது என்று சொன்னதில்லை. மருந்துச் சீட்டு மட்டும் தந்தார்கள்.

அதே அளவுகோலைச் சண்டிகருக்குக் கொண்டுவந்து, டாக்டர் என்.என். விக் குழுவினர் 1980களில் பார்த்தார்கள். இங்கே குறை சொல்லும் பேச்சு லண்டனைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. அதற்கு முன்பே உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா, நைஜீரியாவின் இபாதான், கொலம்பியாவின் காலி முதல் லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் வரை ஒன்பது நகரங்களில் நடத்திய பெரிய ஆய்வு, ஏழை நாட்டு நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று சொல்லியிருந்தது. "நம்ம குடும்ப அமைப்பின் பெருமை" என்ற பேச்சுக்கு ஆதாரமாக இந்த ஆய்வுகளைத்தான் இன்றுவரை காட்டுகிறார்கள். 2008இல் நாலு ஆய்வாளர்கள் சேர்ந்து, இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த நால்வரில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஆர். தாரா. 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பில் நோயாளிகளோடும் வீட்டாரோடும் பல வருசம் வேலை பார்த்தவர். அவரைப்போன்ற ஒருவரே அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பெருமைப் பேச்சுக்குள் என் அம்மா எங்கே போனாள் என்று நானும் கேட்கலாம் என்ற தைரியம் வந்தது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் சில மருத்துவர்கள் குடும்பத்தை உள்ளே அழைத்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இடநெருக்கடி தாங்காமல், டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு வீட்டாரும் தங்கலாம் என்றார். 1957இல் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தை டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கினார். அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும். ஆள் பற்றாக்குறைதான் இதற்கெல்லாம் முதல் காரணம். ஆனால் நோயாளி சீக்கிரம் தேறினார், வீட்டாருக்கும் பயம் தெளிந்தது. கூடத் தங்கிய அம்மாக்கள் சாயங்காலம் ஒருவரோடு ஒருவர் பேசியிருப்பார்கள் இல்லையா? அந்தப் பேச்சுக்காகவே எங்கள் அம்மாவை அங்கே கொண்டுபோயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் போனது ஏர்வாடிக்கு.

1999இல் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் போனார்கள். தர்காவில் யாரும் எங்களிடம் பைசா கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. அந்த இடத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். தங்கியது பக்கத்தில் ஒரு தனியார் விடுதியில். ஓலைக்கொட்டகை. "சங்கிலி போடலைன்னா ராத்திரி ஓடிருவான், நாங்க பொறுப்பில்லை" என்றார் நடத்தியவர். பூட்டை நாங்களே வாங்க வேண்டும். அப்பா கடைவீதிக்குப் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கிவந்தார். 41 நாள் அம்மா அண்ணன் காலடியில் படுத்திருந்தாள். சங்கிலி உரசிய இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, துணி சுற்றி, மறுபடி பூட்டுவாள். திரும்பி வந்தபோது அவன் வலது கணுக்காலில் வளையம் போட்டதுபோல ஒரு தடம். இப்போதும் மழைக்காலத்தில் அரிக்கிறது என்று சொறிவான்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் அப்படி ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாங்கள் தங்கிய இடம் அது இல்லை. ஆனாலும் அப்பா அன்று ஆபீஸுக்குப் போகவில்லை. மத்தியானம் வரை திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பித்தளைப் பூட்டின் சாவியைக் கைக்குள் மூடி வைத்திருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

ஒரு வாரத்துக்குள் அரசு அந்த விடுதிகளையெல்லாம் மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பெற்றவர்கள் இப்படியா விட்டுவிட்டுப் போவார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விட்டுப்போன வீடுகள் எப்படிப்பட்டவை என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு மோசமான வருசம் சேர்ந்து வந்திருந்தால் நாங்களும் விட்டிருப்போம்.

ஏர்வாடியை நினைக்கும்போதெல்லாம் பெல்ஜியத்தில் உள்ள கீல் என்ற ஊர் கூடவே நினைவுக்கு வரும். அதுவும் ஒரு தலத்தை நம்பி வந்தவர்களால் உண்டான கதைதான். டிம்ஃப்னா என்ற அயர்லாந்து இளவரசியை, சித்தம் கலங்கிய தந்தையே துரத்திவந்து அந்த ஊரில் வெட்டினான் என்பது ஐதீகம். அவள் புனிதையானாள். மனம் கலங்கியவர்களை அவள் கோயிலுக்குக் கூட்டிவந்தார்கள். கோயிலை ஒட்டிய அறையில் இடம் போதாமல் போகவே ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் தங்கவைத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிற பழக்கம் என்கிறார்கள். நம் ஏர்வாடி, குணசீலம் போலத்தான் தொடக்கம். ஆனால் அங்கே 1850இல் அரசு உள்ளே வந்தது. யார் வீட்டில் யாரை வைப்பது என்று முடிவுசெய்ய, மருத்துவம் பார்க்க, மாதாமாதம் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது. 1930களின் கடைசியில் 3,700க்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சின்ன ஊரின் வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே நோயாளி என்ற பெயர் கிடையாது, வீட்டில் தங்குகிறவர் என்றுதான் சொல்வார்கள். வயலில் வேலை பார்த்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. 2023இல் யுனெஸ்கோ அந்த மரபைப் பாதுகாக்க வேண்டிய நல்ல முன்மாதிரி என்று தன் பதிவேட்டில் சேர்த்தது.

கீலில் பார்த்துக்கொண்டவர்கள் பெற்றவர்கள் இல்லை. ரத்த சம்பந்தம் இல்லாதவன் குளிக்காவிட்டால் அது அந்த வீட்டம்மாவின் மானப்பிரச்சினை ஆகாது. "உன்னை எப்படியெல்லாம் நினைச்சிருந்தேன்" என்று அவள் அழப்போவதில்லை. ஊரே அதைச் செய்வதால் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

ஒளித்துவைத்தது பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அண்ணனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நிச்சயத்துக்கும் அனுப்பினோம். கல்யாணத்துக்கும். ஒரு மஞ்சள் பையில் இரண்டு கைலியும் பீடிக்கட்டும் வைத்து எடுத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் பஸ் ஏறினான். என் கல்யாண ஆல்பத்தில் அண்ணன் இல்லை. நடுவில் ஒரு படத்தில் தாய்மாமாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அங்கேதான் நின்றிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

2009இல் அவன் அந்த மருந்துச் சீசாவைக் கண்டுபிடித்தான். உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. சீசாவைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். அன்றிலிருந்து பதினோரு நாள் தோல் உள்ள பண்டம் மட்டும்தான் சாப்பிட்டான். வாழைப்பழம், வறுத்த கடலை, ஆரஞ்சு, முட்டை. முட்டையைக்கூடக் கடையிலிருந்து தானே வாங்கிவந்து, தானே அவித்து, ஓட்டில் கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுவான். தண்ணீர் தெருக்குழாயில். அறை முழுக்கக் கடலைத்தோல். அம்மா அதைக் கூட்டிப் பெருக்கும்போதுகூட அவன் தலை நிமிரவில்லை.

நான் அப்போது பிள்ளை பெற்று அங்கே வந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா ஒரு செம்பில் கம்மங்கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பாதியைத் தான் குடித்தாள். மீதியை அவன் பக்கம் நகர்த்தினாள். வெகுநேரம் கழித்து அவன் அதைக் குடித்தான். அதன்பிறகு சாகும்வரை அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தான் சாப்பிட்ட பிறகே அவனுக்குக் கொடுப்பாள். அவன் கேட்டதில்லை. அவளாக வைத்துக்கொண்ட பழக்கம்.

தெரியாமல் மருந்து கலப்பது சரியா தவறா என்று இப்போது கேட்கிறார்கள். அந்த ஆறு வருசத்தில் அவன் ஒருமுறைகூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. அதற்கு விலையாக அவன் பெற்ற தாய் கையால் வாங்கிச் சாப்பிடுகிற நம்பிக்கையைக் கொடுத்தான். இரண்டும் உண்மை. அம்மாவைத் தவறு சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் என் பிள்ளைக்கு நாளை இந்த நோய் வந்தால் நான் கலக்கமாட்டேன்.

அந்த மாதமே புது மருத்துவர் ஒருவரிடம் போனோம். அரசு மருத்துவமனை, நீண்ட வரிசை, ஒரு ஆளுக்கு ஐந்து நிமிசம்தான். அந்த ஐந்து நிமிசத்தில் அவர் அம்மாவைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு எது சரிப்படும், தினம் மாத்திரையா, நாலு வாரத்துக்கு ஒரு ஊசியா?" பன்னிரண்டு வருசத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அண்ணன் யோசித்துவிட்டு, "ஊசி" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "மாத்திரைன்னா டெய்லி ஞாபகப்படுத்துவாக. ஊசின்னா மாசத்துல ஒரு நாள்தான் சண்டை" என்றான். ஜார்ஜ் பிரவுன் வருசக்கணக்கில் ஆராய்ந்ததை அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டான் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் மறுபடி டீ போட்டோம்.

அம்மா போன பிறகு நானும் என் கணவரும் பிள்ளையும் இந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். என் கணவரிடம் கல்யாணமாகி மூன்றாம் மாதமே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னிடம் கோபப்பட்டது மறைத்ததற்காக மட்டும்தான். அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் போனது தனிக்கதை. 2016ஆம் வருசச் சட்டத்தின்படி மனநோயும் அதில் சேர்த்தி. 40 சதவீதம் இருந்தால்தான் சலுகைகள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று வரிசையாகக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள். குளிப்பாரா? நான்கைந்து நாளுக்கு ஒருமுறை. தனியே வெளியூர் போவாரா? மாட்டார். சம்பாதிப்பாரா? இல்லை. மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் அவனுடைய மோசமான நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். அவன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது பஸ்ஸில், "நான் அப்படியா இருக்கேன், பாப்பா?" என்று கேட்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்குள் அந்தக் கேள்வி வந்தது. இந்த நோயோடு ஒருவரைப் பார்த்துக்கொள்கிற எல்லார் வீட்டிலும் உள்ள கேள்வி. எனக்குப் பிறகு யார்? 2017ஆம் வருச மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன் தங்குகிற பாதி வழி விடுதிகளும், துணையோடு வாழும் இல்லங்களும், வீடு தேடிவரும் மறுவாழ்வும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே அடைத்துவைக்கக் கூடாது என்கிறது. சங்கிலியை எந்த வகையிலும் கூடாது என்று தடைசெய்கிறது. நல்ல சட்டம். எங்கள் தாலுகாவில் அப்படி ஒரு இல்லம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். இல்லை. எனக்கு வேண்டியது பெரிய திட்டம்கூட இல்லை. வருசத்தில் பத்து நாள் அவனைப் பயமில்லாமல் விட்டுவிட்டு என் பிள்ளையோடு எங்காவது போய்வர ஓர் இடம். கூண்டு இல்லாத, பூட்டு வாங்கிவரச் சொல்லாத இடம்.

அந்தச் சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று ஒன்று உண்டு. தன்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் தனக்காக யார் பேச வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அந்த ஆளும் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். போன தை மாதம் அண்ணனிடம் இதைச் சொன்னேன். கையில் என் ஆதார் நகலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் தாளை வாங்கிக்கொண்டு போய் ராத்திரி முழுக்க வைத்திருந்தான். காலையில் திருப்பித் தந்ததில் என் பெயர் இல்லை. தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரின் பெயர் இருந்தது.

உறவு கிடையாது, எங்கள் ஆளும் கிடையாது. முப்பத்தைந்து வயசு இருக்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அண்ணன் அந்தக் கடையில் போய் உட்காருவான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது அவன் வேலை. அதற்குத் தினமும் ஒரு டீயும் இருபது ரூபாயும்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மஞ்சள் பையோடு பஸ் ஏறியவன் ஞாபகத்துக்கு வந்தான். இதுதான் அதற்குப் பதிலா என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். அண்ணன் முட்டைக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தான். "உனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. நீ வந்தா அழுவ. அவன் அழமாட்டான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தார். கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. "அக்கா, அண்ணே என் பேரை எழுதியிருக்காராமே, என்ன செய்யணும் நான்?" என்று கேட்டார். ஊசி போடுகிற தேதி, மருந்துப் பெயர், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, தூக்கம் குறைய ஆரம்பித்தால் அது எதற்கு அடையாளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் காலண்டரிலிருந்து பழைய தேதி ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக்கொண்டார். மருந்துப் பெயரை மட்டும் இரண்டு தடவை எழுத்துக்கூட்டிக் கேட்டார்.

உள்ளே அண்ணன் டீ போடுகிற சத்தம் கேட்டது. நாலு டம்ளர் கொண்டுவந்து வைத்தான். பிறகு, வழக்கம்போல, முதலில் யார் குடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தம்பி எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மிண்ணே" என்றார்.